முப்பது வயதுக்குப் பிறகும் இளைக்கும் ஜேபெக்

ஒரே புகைப்படத்தை இரண்டு இலவச மென்பொருள்களில் கொடுத்து ஜேபெக் கோப்பாகச் சேமித்துப் பாருங்கள். ஒன்று பழைய லிப்ஜேபெக் நிரலை உள்ளே வைத்திருக்கும் ஏதாவது ஒரு எடிட்டர். இன்னொன்று மோசில்லா வெளியிட்ட மோஸ்ஜேபெக் என்ற நிரல். தரத்தைச் சரியாகப் பொருத்தி வைத்தால், கண்ணுக்கு இரண்டு படமும் ஒன்றுபோலவே தெரியும். மோஸ்ஜேபெக் எழுதிய கோப்பு மட்டும் சிறியதாக இருக்கும். விசேஷம் என்னவென்றால், அந்தச் சிறிய கோப்பைப் பதினைந்து வருஷப் பழைய போனும் தயங்காமல் திறந்து காட்டும். புது ஃபார்மட் எதுவும் இல்லை. 1992-இல் எழுதி முடித்த அதே தரநிலைதான்.

விதி மாறவில்லை, விளைவு மட்டும் எப்படி மாறியது? விடை அந்தத் தரநிலை எழுதப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. கோப்பைத் திறக்கும் நிரல், அதாவது டிகோடர், என்ன செய்ய வேண்டும் என்பதை அது கறாராகச் சொல்கிறது. சுருக்கும் நிரலான என்கோடர் விஷயத்தில் தாராளமாக விட்டுவிடுகிறது. டிகோடருக்குப் புரிகிற எண்களை எழுதினால் போதும். அந்த எண்களுக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்கள் முப்பது வருஷமாகப் புகுந்து விளையாடுவது இந்த இடத்தில்தான்.

அவர்கள் செய்வது என்ன என்று தெரிய, ஒரு படத்தின் மிகச் சிறிய துண்டு ஒன்றுக்குள் போக வேண்டும்.

4000-க்கு 3000 பிக்சல் படம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.2 கோடி பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு பிக்சலுக்கும் 3 பைட். அப்படியே எழுதினால் 36 எம்பி. ஜேபெக் முதலில் இந்த மூன்று நிறங்களை வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என மாற்றிக்கொள்ளும். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பிடிக்காது. அதனால் நிறத் தகவலை நீளம், அகலம் இரண்டிலும் பாதியாக்கி வைப்பது வழக்கம். 36 எம்பி 18 ஆகிவிட்டது. உண்மையான சுருக்கம் இன்னும் தொடங்கவே இல்லை.

அடுத்து, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுவார்கள். வெளிச்சத்துக்கு மட்டும் 1,87,500 கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்களை டிசிடி என்ற கணக்கு வேறு 64 எண்களாக மாற்றித் தரும். அதில் முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மீதி 63-உம் ஏற்ற இறக்கங்கள்: மெதுவாக மாறுகிறவை முன்னால், படபடவென்று மாறுகிறவை பின்னால். வானம், சுவர், கன்னம் போன்ற இடங்களில் பின்னால் இருக்கும் எண்கள் ஏறக்குறைய பூஜ்யமாகவே இருக்கும்.

இந்தக் கணக்கை 1974-இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர். பெங்களூரில் பிறந்த அகமது அப்போது அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. இன்று நம் போன்களில் குவிந்து கிடக்கும் படங்களில் பெரும்பகுதி அந்தக் கணக்கு வழியாக வந்ததுதான்.

டிசிடி மட்டும் எதையும் சுருக்குவதில்லை. 64 எண் உள்ளே போனால் 64 எண்தான் வெளியே வரும். இழப்பு நடப்பது அடுத்த படியில். தரநிலையின் பின்னிணைப்பில் மாதிரிக்கு ஒரு வகுத்தல் அட்டவணை இருக்கிறது. அதன் முதல் வரிசை: 16, 11, 10, 16, 24, 40, 51, 61. கட்டத்தின் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு நேரான எண்ணால் வகுத்து, கிட்டத்தில் உள்ள முழு எண்ணாக்கிவிடுவார்கள். இரண்டாவது இடத்தில் 30 இருக்கிறது என்றால், 11-ஆல் வகுக்க 2.7, கோப்பில் 3 என்று எழுதப்படும். திறக்கும்போது 3-ஐ 11-ஆல் பெருக்கினால் 33 வரும். மூன்று கூடிவிட்டது, பரவாயில்லை. வரிசையின் கடைசி இடத்தில் 20 இருந்தால், 61-ஆல் வகுக்க 0.33, அதாவது பூஜ்யம். அந்த 20 போனது போனதுதான்.

மென்பொருளில் 'தரம் 75' என்று கேட்கிறதே, அது இந்த அட்டவணையைத்தான் மாற்றுகிறது. அது சதவீதம் இல்லை. லிப்ஜேபெக்கில் 50 என்று வைத்தால் அட்டவணை அப்படியே இருக்கும். 75 என்றால் எல்லா எண்களும் பாதியாகும். 100 என்றால் எல்லாமே 1. வேறு நிரல்கள் வேறு அட்டவணைகளை வைத்துக்கொண்டு அதற்கும் 75, 80 என்று பெயர் சூட்டிக்கொள்கின்றன. ஒரு மென்பொருளின் 80-ஐ இன்னொன்றின் 80-உடன் ஒப்பிட்டு 'இதுதான் அதிகம் சுருக்குகிறது' என்று தீர்ப்பு சொல்லும் விமர்சனங்களை நான் படிப்பதோடு சரி.

வகுத்து முடித்ததும் 64 எண்களையும் மூலையிலிருந்து குறுக்கும் மறுக்குமாக வரிசைப்படுத்துவார்கள். முன்னால் நாலைந்து எண்கள் இருக்கும். பின்னால் பூஜ்யங்களின் நீண்ட வால். வாலை முழுக்க எழுத வேண்டியதில்லை. 'இனி எல்லாம் பூஜ்யம்' என்று ஒரு குறி போட்டால் போதும்; அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறைந்த பிட் ஒதுக்கும் பட்டியலுக்கு ஹஃப்மன் அட்டவணை என்று பெயர், தரநிலையின் மாதிரி அட்டவணையில் இந்தக் குறிக்கு 4 பிட்தான் ஆகும்.

இப்போது மோஸ்ஜேபெக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பத்து பூஜ்யங்களுக்குப் பிறகு ஒற்றையாக ஒரு 1 நிற்கிறது என்று வையுங்கள். அதற்கு 9 பிட் குறி, கூட்டலா கழித்தலா என்று சொல்ல 1 பிட், ஆக 10 பிட் செலவு. அந்த 1 முதலில் 0.55 ஆக இருந்திருக்கலாம். மேலே தூக்கி 1 ஆக்கினால் பிழை 0.45, கீழே இறக்கிப் பூஜ்யமாக்கினால் 0.55. வித்தியாசம் சொற்பம். ஆனால் பூஜ்யமாக்கினால் 10 பிட் மிச்சம். கட்டத்துக்கு ஒன்று இப்படிச் சிக்கினாலே நம் படத்தில் சுமார் 230 கேபி குறையும். பள்ளிக்கூடக் கணக்குப்படி 0.55 என்பது 1 ஆகத்தான் வேண்டும். டிகோடருக்கு அந்தப் பாடம் தெரியாது. 0 வந்தால் 0 என்றே எடுத்துக்கொள்ளும். எந்த எண்ணை ஏற்றுவது, எதை இறக்குவது என்று பிட் செலவையும் பிழையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் இந்த முறைக்கு டிரெல்லிஸ் என்று பெயர்.

இன்னொரு தந்திரம் இதைவிட ரசமானது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து இருக்கும் படத்தை ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் தெரியும். பார்த்திருப்பீர்கள். திடீரென்று வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் தாவும் ஓரத்தைச் சில ஏற்ற இறக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு வரைய முயல்வதால் வரும் அலை அது. வெள்ளையின் அளவு 255. திறக்கும்போது கணக்கில் 255-க்கு மேல் எது வந்தாலும் டிகோடர் அதை 255 என்று வெட்டிவிடும். மோஸ்ஜேபெக் இதைப் பயன்படுத்திக்கொண்டு, எழுத்தை ஒட்டிய தாளை வெள்ளைக்கும் மேலான வெள்ளையாக வேண்டுமென்றே எழுதுகிறது. அலையெல்லாம் 255-க்கு மேலே அடிக்கும். டிகோடர் வெட்டித் தள்ளிவிடும். தாள் சுத்தமாகத் தெரியும்.

கூகுளின் கெட்ஸ்லி என்ற ஜேபெக் என்கோடர் 2017-இல் வந்தது. மனிதக் கண்ணைப் பற்றிய ஒரு கணக்கை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து இளைக்க வைத்தது. பத்து லட்சம் பிக்சலுக்கு ஒரு நிமிஷம் பிராசசரை ஓட வைக்கும் அதன் வேகத்தில் பெரிய தளங்களுக்கு உபயோகமில்லை. 2024-இல் வந்த ஜேபெக்லி அதே திசையில், ஆனால் பயன்படுத்தக்கூடிய வேகத்தில் போகிறது. உயர்தரப் படங்களில் 35 சதவீதம் வரை சிறிதாக்குகிறது என்று கூகுள் சொல்கிறது. பிஎன்ஜி கோப்புகளிலும் இதே கதைதான். அங்கே எதுவும் இழக்கப்படுவதில்லை என்றாலும், ஒரே படத்தை எழுதப் பல வழிகள் உண்டு. ஸோப்ஃப்லி, ஆக்ஸிபிஎன்ஜி போன்றவை பொறுமையாகத் தேடி, இருப்பதில் குட்டையான வழியைப் பிடிக்கின்றன.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு கிழட்டு ஃபார்மட்டைப் பிழிவதற்குப் பதில், நல்லதாகப் புதிதாக ஒன்றுக்கு மாறிவிட்டால் என்ன? பலர் முயன்றார்கள். ஏன் முடியவில்லை என்பதற்கு, ஜேபெக் ஜெயித்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

தரநிலை அதிகாரப்பூர்வமாக வெளிவருவதற்கு முன்பே, 1991 அக்டோபரில், டாம் லேன் தலைமையிலான சுயேச்சை ஜேபெக் குழு லிப்ஜேபெக்கின் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டது. வணிக மென்பொருளிலும் போட்டுக்கொள்ளலாம். 'இக்குழுவின் உழைப்பை ஓரளவு அடிப்படையாகக் கொண்டது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எத்தனையோ கருவிகளின் சட்டக் குறிப்புப் பக்கத்தில் அந்த வரி இன்றும் உட்கார்ந்திருக்கிறது. யாரும் படிப்பதில்லை. (டாம் லேனை இன்றைய தலைமுறை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆளாகத்தான் அறியும்.) தரநிலை என்பது காகிதம், ஊரெல்லாம் பரவியது இந்த நிரல்தான். குழு எதைச் சேர்த்ததோ அதுவே நடைமுறையில் ஜேபெக் ஆனது. உதாரணமாக, ஹஃப்மனைவிடக் கச்சிதமான எண்கணிதக் குறிமுறை ஒன்றும் அதே தரநிலையில் உண்டு. ஐபிஎம், ஏடி அண்ட் டி, மிட்சுபிஷி ஆகியவற்றின் காப்புரிமைகள் அதன்மேல் இருந்ததால் இலவச நிரல் அதைத் தொடவில்லை. காப்புரிமைகள் காலாவதியாகியும் இன்றுவரை பிரவுசர்கள் அந்த வகைக் கோப்பைத் திறப்பதில்லை.

காப்புரிமை பயம் வெறும் கற்பனை இல்லை. ஜிஃப் ஃபார்மட்டை 1987-இல் கம்ப்யூசர்வ் வெளியிட்டபோது அதனுள் இருந்த எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கும் முறை யூனிசிஸ் நிறுவனத்தின் காப்புரிமையில் இருந்தது. 1994 டிசம்பர் கடைசியில் இனிமேல் உரிமக் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. கொதித்துப்போன நிரலாளர்கள் 1995 ஜனவரியிலேயே மாற்று ஒன்றை வரையத் தொடங்கினார்கள். அதுதான் பிஎன்ஜி. ஜேபெக்குக்கும் ஒரு கண்டம் வந்தது: 2002-இல் ஃபார்ஜெண்ட் என்ற நிறுவனம் ஒரு பழைய காப்புரிமையைத் தூசு தட்டி எடுத்து, பல நிறுவனங்களிடம் 10 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. 2006-இல் அதன் முக்கியமான உரிமைகோரல்கள் செல்லாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கண்ட பிறகுதான் விட்டது.

அப்புறம் வந்தவற்றின் கதையை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஜேபெக் 2000 தொழில்நுட்பத்தில் மேலானது. ஆனால் கனமானது, காப்புரிமைச் சந்தேகமும் இருந்தது, ஆரம்பத்தில் லிப்ஜேபெக் மாதிரி நல்ல இலவச நிரலும் இல்லை. இணையத்தில் எடுபடவில்லை. டிஜிட்டல் திரையரங்குகளில் மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் அதில்தான் வருகிறது. ஆதாரின் பாதுகாப்பான க்யூஆர் குறிக்குள் இருக்கும் சின்ன முகப்படமும் அதுவே. ஐபோன் 2017-இல் எடுத்துக்கொண்ட எச்இஐசி, பல உரிமக் கூட்டமைப்புகளின் பிடியில் இருக்கும் எச்இவிசி வீடியோ முறையின் மேல் நிற்கிறது; இணையத்துக்கு அது சரிப்படாது. கூகுள் 2010-இல் இலவச நிரலோடு கொண்டுவந்த வெப்பி, ஃபயர்ஃபாக்ஸுக்குள் நுழைய 2019 வரையும் சஃபாரிக்குள் நுழைய 2020 வரையும் காத்திருந்தது. ஏவி1 வீடியோவிலிருந்து பிறந்த ஏவிஐஎஃப், கட்டணமில்லாமல் பல நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. மிகச் சிறிய கோப்பு வேண்டும், நுணுக்கம் கொஞ்சம் போனாலும் சரி என்றால் இன்று அதற்கு ஈடில்லை. சுருக்க நேரம் பிடிக்கும்.

ஜேபெக் எக்ஸ்எல் மீது எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு, மறைக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஜேபெக் கோப்பின் வகுத்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, எழுதும் முறையை மட்டும் மாற்றி அதைச் சுமார் 20 சதவீதம் சிறிதாக்கும். வேண்டும் என்றால் பழைய கோப்பை ஒரு பைட் பிசகாமல் திருப்பித் தரும். நிரல் திறமூலம், உரிமக் கட்டணம் கிடையாது. இருந்தும் 2022 அக்டோபரில், போதுமான ஆர்வம் இல்லை என்று சொல்லி குரோம் அதை நீக்கும் முடிவை அறிவித்தது. அடுத்த ஆண்டே ஆப்பிள் சஃபாரியில் சேர்த்தது. ஒரு பிரவுசர் குழுவுக்குத் தயக்கம் வருவதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2023 செப்டம்பரில் வெப்பியின் டிகோடரில், ஹஃப்மன் அட்டவணை கட்டும் இடத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் தாக்குபவர்கள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கியிருந்தார்கள். அந்த ஒரே இலவச நிரல் எல்லா இடத்திலும் இருந்ததால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் முதல் அரட்டைச் செயலிகள் வரை எல்லாவற்றையும் அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது. ஜேபெக் எக்ஸ்எல்லின் டிகோடரை, நினைவகத் தவறுகளைத் தானே தடுக்கும் ரஸ்ட் மொழியில் இப்போது புதிதாக எழுதுவது, அந்த வகை ஓட்டைகளுக்கு இடமில்லாமல் செய்யத்தான்.

ஜேபெக் எக்ஸ்எல் எல்லாப் பிரவுசரிலும் வரும்வரை நடைமுறைக்கு: சொந்தத் தளத்துக்கு ஏவிஐஎஃப் அல்லது வெப்பி, கூடவே துணைக்கு ஒரு ஜேபெக். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில், பிரவுசருக்குள்ளேயே, பல என்கோடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. விண்ணப்பப் படிவம் 50 கேபிக்குள் படம் கேட்டால், தரத்தைக் குறைக்கும் முன் நீள அகலத்தைக் குறையுங்கள். 4000-க்கு 3000 படத்தை அப்படியே வைத்து 50 கேபிக்குள் திணித்தால், நிறத்தை விட்டுவிட்டாலும், கட்டத்துக்கு இரண்டு பிட் சொச்சம்தான் கிடைக்கும். 'இனி எல்லாம் பூஜ்யம்' என்று சொல்லவே அது காணாது. அதே படத்தை 400-க்கு 500 ஆக வெட்டிச் சுருக்கினால் 3,150 கட்டங்கள்தான், கட்டத்துக்கு 130 பிட். தரம் 90-ஐத் தொட்டாலும் பெரும்பாலும் 50 கேபிக்குள் அடங்கிவிடும்.