வாலை எங்கே வெட்டுவது?

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் சிவப்புக் கார் ஒன்றின் படத்தை அனுப்பிக் கேட்டிருந்தார்: "சார், இது முன்னாடி பார்த்தா ஃபெராரி மாதிரி இருக்கு. பின்னாடி பார்த்தா ஆம்னி வேன் மாதிரி இருக்கு. பின்பக்கம் கூரா இருந்தாதானே காற்றுல வழுக்கிட்டுப் போகும்? ஏன் சுவர் மாதிரி வெட்டி விட்டிருக்காங்க?"

அருமையான கேள்வி. எத்தனையோ பொறியாளர்கள் இதற்கு விடை தேடி வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

படத்தில் இருப்பது 'பிரெட்வேன் ஓமாஜ்'. நெதர்லாந்து வடிவமைப்பாளர் நீல்ஸ் ஃபான் ரோய் 2021-இல் வெளியிட்ட கார். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஃபெராரி 550 மாரனெல்லோ ஒன்றை வாங்கி, அதன் வி-12 எஞ்சினையும் கையால் மாற்றும் கியரையும் வைத்துக்கொண்டு, மேலுடலை மட்டும் அலுமினியத் தகட்டில் கையால் தட்டித் தட்டிப் புதிதாகச் செய்தார்கள். இந்தக் கலை நமக்கு அந்நியமில்லை. சேசிஸ் வாங்கிக் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்களே, அதேதான். இத்தாலியில் அந்தப் பட்டறைக்குக் 'கரோட்செரியா' என்று பெயர்.

ஓமாஜ் என்றால் மரியாதை. இங்கே அந்த மரியாதை ஜொட்டோ பிட்சாரினி என்ற பொறியாளருக்கும் 1962-இல் அவர் செய்த 'பிரெட்வேன்' என்ற காருக்கும்.

பிட்சாரினி 1926-இல் லிவோர்னோ பக்கத்தில் பிறந்தவர். பீசா பல்கலைக்கழகத்தில் படித்து 1953-இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே ஒரு சின்ன ஃபியட் டோப்போலினோவைப் பிரித்துப் போட்டுத் தன் கணக்குப்படி திரும்பச் செய்துகொண்டார். ஆல்ஃபா ரோமியோவில் சில வருடம் இருந்துவிட்டு 1957-இல் ஃபெராரிக்குப் போனார். காரைக் கணக்குப் போட்டு மாற்றுபவரும் அவரே, மாற்றிய காரை ஓட்டிப் பார்ப்பவரும் அவரே. இன்று ஏலத்தில் பல கோடி டாலருக்குப் போகும் 250 ஜிடிஓ என்ற ஃபெராரி கார் அவர் கையில் உருவானதுதான்.

1961 கடைசியில் முதலாளி என்சோ ஃபெராரியோடு மூத்த அதிகாரிகள் பலர் முரண்பட்டு ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். பிட்சாரினியும் அவர்களில் ஒருவர். வெளியேறியவர்கள் தொடங்கிய புதுக் கம்பெனிக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் கோமகன் ஜொவான்னி வோல்பி. அவருக்குச் சொந்தப் பந்தய அணி இருந்தது. என்சோ அவருக்கு ஜிடிஓ விற்க மறுத்துவிட்டார். வோல்பியிடம் முந்தைய மாடலான 250 ஜிடி எஸ்டபிள்யூபி ஒன்று இருந்தது. அதை பிட்சாரினியிடம் கொடுத்து, இதை வைத்து ஜிடிஓவை முந்த முடியுமா என்று கேட்டார். ஜிடிஓவைச் செய்த மனிதரிடமே கேட்டார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எஞ்சினைக் கீழே இறக்கினார், பின்னுக்குத் தள்ளினார். எண்ணெய்த் தொட்டியை எஞ்சினுக்கு அடியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தால் எஞ்சினைத் தரைக்கு நெருக்கமாக உட்கார வைக்கலாம். பாரம் தாழ்ந்தால் வளைவுகளில் கார் நிதானமாக நிற்கும், மூக்கையும் தாழ்த்தலாம். பானெட் அவ்வளவு தாழ்ந்ததில் ஆறு வெபர் கார்புரேட்டர்களின் வாய்கள் மேலே துருத்திக்கொண்டு நின்றன. அவற்றை ஒரு கண்ணாடிக் கூண்டு போட்டு மூடினார்கள். எடை 935 கிலோதான். மொடேனாவில் பியெரோ ட்ரோகோவின் பட்டறை பாடி கட்டியது.

இனி வால்.

காற்றில் ஓடும் எதையும் இரண்டு தடைகள் இழுக்கின்றன. ஒன்று உராய்வு. மற்றொன்று முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கார் மாதிரிப் பருத்த பொருளுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது. நாம் எல்லோரும் மூக்கையே பார்க்கிறோம், கத்தி மாதிரி கூராக இருந்தால் வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் காரைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் பின்பக்கத்தில் விழும் பள்ளம்தான். காற்று அங்கே வந்து நிரப்பாமல் விட்டுப் போன பள்ளம்.

இதைச் சாப்பாட்டு மேசையிலேயே பார்க்கலாம். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதற்கு முன்னால் ஒரு உருண்டைப் பாட்டிலை வைத்து, பாட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து ஊதுங்கள். தீ அணைந்துவிடும். காற்று பாட்டிலின் வளைவைத் தழுவிக்கொண்டே போய் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. இப்போது பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி வைத்து அதே மாதிரி ஊதுங்கள். தீ அணையாது. இன்னும் கவனித்தால் அது உங்களைப் பார்த்துச் சாயும், புத்தகத்தை நோக்கி! நீங்கள் ஊதுவது ஒரு திசை, தீ சாய்வது அதற்கு எதிர்த் திசை. புத்தகத்தின் விளிம்பில் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதன் முதுகில் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உருவாகி, தீயை உள்ளே இழுக்கிறது. வேகமாக ஓடும் காரின் பின்னால் இதே சுழல்தான் காரையும் பின்னுக்கு இழுக்கிறது. மழைக்காலத்தில் வேன்களின் பின்கண்ணாடி மட்டும் சேறு அப்பிக் கிடப்பதும் இதனால்தான்.

அப்படியென்றால் பாட்டில் மாதிரி வளைவாகச் செய்தால் போதுமே? போதாது. காற்று ஏன் பிய்த்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே கதையே.

காரின் கூரைக்கு மேலே வரும்போது காற்று வேகமெடுக்கிறது. பெர்னூலி என்ற அறிஞர் சொன்னபடி அங்கே அழுத்தம் குறைவு. கூரையைத் தாண்டிப் பின்பக்கம் சரிய ஆரம்பித்ததும் காற்று வேகம் குறைந்தாக வேண்டும், அழுத்தம் ஏறியாக வேண்டும். ஆக, குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்துக்குப் போகிறது காற்று. கண்ணுக்குச் சரிவாகத் தெரியும் அந்த இடம் காற்றுக்கு மேடு.

சைக்கிளில் மேம்பாலம் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வந்தவன் மிதிக்காமலே பாதி ஏறிவிடுவான். மெதுவாக வந்தவன் நடுவழியில் நின்று பின்னுக்கு உருளுவான். காரின் தோலை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் அந்த இரண்டாவது ஆள். உராய்விலேயே அதன் வேகம் போய்விட்டது. மேடு செங்குத்தாக இருந்தால் அது மூச்சு வாங்கி நின்று, பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும். அதற்கு மேலே வேகமாக வரும் காற்று வேறு வழியில்லாமல் அதன் மேல் ஏறி, காரை விட்டு விலகிப் போய்விடும். பிரிதல் என்று சொல்வது இதைத்தான். மேடு மெதுவாக ஏறினால் கதை வேறு. மேலே ஓடும் வேகக் காற்று பக்கத்தில் இருக்கும் சோர்ந்த காற்றைக் கைபிடித்து இழுத்துக்கொண்டே கடைசி வரை கூட்டிப் போய்விடும்.

மெதுவாக என்றால் எவ்வளவு? ஏறத்தாழ 10 டிகிரிச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். கூரை 1.1 மீட்டர் இறங்கித் தரை மட்டத்துக்கு வர வேண்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்: 1.1-ஐ 10 டிகிரியின் டேன் மதிப்பான 0.176-ஆல் வகுத்தால் 6 மீட்டருக்கு மேல் வருகிறது. வால் மட்டுமே 6 மீட்டர்! அந்தக் காலப் பந்தயக் கார் முழுதாகவே நாலு மீட்டர் சொச்சம்தான். நீர்த்துளி வடிவம்தான் காற்றுக்கு மிக உகந்தது என்று பாடப்புத்தகம் சொல்வது சரி. நல்ல நீர்த்துளி வடிவின் தடைக் கெழு, அதாவது ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், 0.04 அளவுக்கு இறங்கும். கோளத்துக்கு 0.47, கனசதுரத்துக்கு 1.05. ஆனால் அவ்வளவு நீள வாலை இழுத்துக்கொண்டு எந்த வளைவில் திரும்புவது?

சரி, வாலைச் சுருக்க வேண்டும். வழக்கமான புத்தி என்ன செய்யும்? வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு சீக்கிரமாகக் கூராக்கும். அதாவது சரிவைச் செங்குத்தாக்கும். காற்று கூரை முடிந்த உடனே பிரிந்துவிடும். 25, 30 டிகிரி பக்கம் போனால் இன்னும் மோசம். பின்கண்ணாடியின் இரண்டு ஓரங்களிலும் கயிறு திரித்த மாதிரி இரண்டு சுழல்கள் கிளம்பி, காரைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுக்கும். 1984-இல் எஸ். ஆர். அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எளிய ஒரு கட்டை வடிவத்தை வைத்து அளந்தபோது, பின்சரிவு 30 டிகிரியில் தடை உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டியதும் திடீரென்று விழுந்தது. கண்ணுக்கு அழகாகச் சரியும் கோணம்தான் காற்றுக்கு ஆகாத கோணமாக இருந்தது.

1930-களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் என்ற பேராசிரியரும் ரைன்ஹார்ட் ஃபான் கோனிக்-ஃபாக்சன்ஃபெல்ட் என்ற பொறியாளரும் இதற்கு வேறு வழி கண்டார்கள். சரிவை மாற்றாதே, 10 டிகிரியே இருக்கட்டும். இடம் தீர்ந்ததும் வாலைக் கத்தியால் வெட்டின மாதிரி வெட்டிவிடு.

முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெட்டினால் அந்த நோட்டுப் புத்தகம் மாதிரிதானே ஆகும், பின்னால் பள்ளம் விழாதா? விழும். ஆனால் எப்படிப்பட்ட பள்ளம் என்று பாருங்கள். வெட்டிய சுவரின் மேல் இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது காற்று பிரியும் இடத்தில் உள்ள அழுத்தம். கூரை உச்சியிலேயே பிரிந்தால், அங்கே அழுத்தம் மிகக் குறைவு, அந்தக் குறைந்த அழுத்தம் முழுப் பின்பக்கத்தையும் பிடித்து இழுக்கும். மெல்லச் சரிந்து வந்த காற்றோ, வழியெல்லாம் வேகத்தைக் கொடுத்து அழுத்தத்தை மீட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வெட்டு விளிம்புக்கு வரும்போது மீட்க வேண்டியதில் பெரும்பங்கை மீட்டாயிற்று. சுவரின் பரப்பும் சுருங்கிவிட்டது. இழுப்பும் குறைவு, இழுக்கப்படும் இடமும் குறைவு. வெட்டிப் போட்ட மிச்ச வால் இருந்திருந்தால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான், அதில் ஒரு பகுதியை அந்த வாலின் உராய்வே தின்றிருக்கும்.

விளிம்பு கூர்மையாக இருப்பதும் முக்கியம். உருண்டையாக முடித்தால் காற்று எங்கே பிரிவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும், கார் ஆடும். கூர் விளிம்பு இருந்தால், பிரிவது இங்கேதான் என்று ஆகிவிடும்.

ஆக, பிரெட்வேனின் கூரை கடைசி வரை தட்டையாக ஓடுவதற்குக் காரணம் காற்று. சோம்பல் இல்லை. ஓட்டுநர் தலைக்கு மேலிருந்து காற்று பிரியாமல் போகக்கூடிய கோணத்தில் போய், கார் முடியும் இடத்தில் முடிகிறது. இத்தாலிக்காரர்கள் இந்த வாலைக் 'கோடா ட்ரோங்கா', அதாவது வெட்டு வால் என்பார்கள். இன்று தெருவில் ஓடும் டொயோட்டா பிரியஸின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதே தத்துவம்தான்.

1962 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இந்தக் கார் வந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் 'குட்டி லாரி' என்றன, ஆங்கிலேயர்கள் 'பிரெட்வேன்', ரொட்டி வண்டி என்றார்கள். ஜிடிஓவுக்கு ஐந்து கியர், இதற்கு நாலுதான். இருந்தும் வந்திருந்த எல்லா ஜிடிஓக்களுக்கும் முன்னால் ஓடியது. நாலாவது மணி நேரத்தில் எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு போய்விட்டது. வாலில் ஒரு குறையும் இல்லை.

காற்றுத்தடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றுக்காகச் செலவாகும் சக்தி வேகத்தின் முப்படியில் ஏறும். அதனால் அதே எஞ்சின் 250 கி.மீ. வேகத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 259-ஐத் தொடும். லெ மானில் அன்று 6 கி.மீ. அளவுக்கு ஒரே நேர்ச்சாலை இருந்தது. அதை முழுதும் அந்த வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 3 வினாடி மிச்சம். இதையே எஞ்சினில் எடுக்க வேண்டுமானால் 300 குதிரைத்திறன் எஞ்சினில் இன்னும் 33-ஐப் பிழிய வேண்டும்.

பிட்சாரினிக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஜிடிஓவை உருவாக்கும்போதே அவர் பீசா பல்கலைக்கழகத்தின் காற்றுச்சுரங்கத்தைப் பயன்படுத்தினார். தான் படித்த இடத்துக் கருவி, தொழிலுக்குப் போன பிறகும் அவருக்குக் கிடைத்தது. நான் படித்த கல்லூரியிலும் ஒரு காற்றுச்சுரங்கம் இருந்தது. நாலு வருடத்தில் அது ஓடி நான் பார்த்தது ஒரே நாள், ஆய்வுக்குழு வந்த நாள். மற்ற நாளெல்லாம் பூட்டும் துணிப்போர்வையும்தான். காற்றியக்கவியலில் நான் எழுதிய தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கினேன், பிரியும் காற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. இருபது வயதுப் பிள்ளை ஒரு கட்டையைச் செதுக்கி, நூல் ஒட்டி, சுரங்கத்துக்குள் வைத்து, நூல் எங்கே துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிடம் கட்ட ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு, இருக்கும் கருவியை ஓட்டும் மின்கட்டணத்துக்கும் ஒரு நல்ல தொழில்நுட்ப உதவியாளரின் சம்பளத்துக்கும் போதும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஓமாஜ் காரைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அது அசலின் நகல் இல்லை. அடித்தளம் 1990-களின் சாலைக் கார், பழைய பந்தயக் காரைவிட மிகவும் கனம். மூக்கும் சக்கர வளைவுகளும் இன்றைய அளவில் இருக்கின்றன. ஆனால் ஃபான் ரோய் அந்தக் கூரைக் கோட்டில் கை வைக்கவில்லை. அழகுக்காக அதைக் கொஞ்சம் சரித்திருந்தால் விற்பது எளிதாக இருந்திருக்கும், பிட்சாரினியின் பெயரைச் சொல்லும் உரிமை போயிருக்கும். கார் வெளியானபோது பிட்சாரினிக்கு 94 வயது. 2023 மே மாதம் காலமானார்.

அசல் பிரெட்வேன் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் குட்வுட்டில் நடக்கும் பழைய கார்ப் பந்தயங்களில் அதை நிஜமாகவே ஓட்டியிருக்கிறார்கள். காணொளி கிடைத்தால், படம் அனுப்பிய தம்பி, முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கூரை முடியும் அந்த விளிம்பை மட்டும் பார்.