பின்மண்டையில் நடக்கும் திருத்த வேலை

இதை ஃபோனில் படித்துக்கொண்டிருந்தால், ஃபோனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து தெளிவாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல், அதே வேகத்தில் ஃபோனை ஆட்டுங்கள். வரிகள் கலங்கிவிடும். தலை அசைந்தால், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடனே மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழிகள் எதிர்த்திசையில் திரும்பிவிடுகின்றன. ஃபோன் அசையும்போது இந்தக் குறுக்கு வழி கிடையாது. கண் பார்த்ததை மூளையின் பின்கோடியில் இருக்கும் பிடரி மடல் அலசிய பிறகுதான் விழி அதைத் துரத்த முடியும். அதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் ஆகும்.

தலை எவ்வளவு திரும்பியதோ, விழியும் மிகச் சரியாக அவ்வளவே எதிரே திரும்ப வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பார்ப்பதெல்லாம் ஆடும். அந்த அளவைச் சரிபார்த்துத் திருத்தி வைப்பது, பின்மண்டையில் பெருமூளைக்கு அடியில் இருக்கும் சிறுமூளை. பவர் மாறிப் புதுக் கண்ணாடி போட்டால் முதல் சில நாட்கள் லேசாகக் கிறுகிறுப்பது பலருக்கும் தெரியும். லென்ஸ் மாறியதும் கண்ணுக்குள் விழும் படத்தின் அளவும் மாறிவிட்டது, பழைய கணக்கு பொருந்தவில்லை. சிறுமூளை கணக்கைத் திருத்தி முடித்ததும் கிறுகிறுப்பு போய்விடுகிறது.

மூளை என்றதும் பெருமூளையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதில் நியாயமும் இருக்கிறது. திட்டமிடுவதும் தசைகளுக்கு உத்தரவு போடுவதும் நெற்றி மடல். தொடுவதை உணர்வதும் கை கால் எங்கே இருக்கிறது என்று அறிவதும் உச்சி மடல். கேட்பதையும் பேச்சின் பொருளையும் பொட்டு மடல் பார்த்துக்கொள்கிறது. இவற்றின் அடியில், புலன்களிலிருந்து வரும் செய்திகளை மேலே அனுப்பும் தலாமஸ், பசியையும் உடல் வெப்பத்தையும் கவனிக்கும் ஹைப்போதலாமஸ். அதற்கும் கீழே மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு.

ஆனால் நியூரான்களின், அதாவது நரம்பு செல்களின், எண்ணிக்கையைப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெலின் குழு, மூளைத் திசுவைக் கரைசலாக்கி அதிலுள்ள செல் கருக்களை எண்ணும் முறையில் கணக்கிட்டு 2009-இல் முடிவை வெளியிட்டது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். பெருமூளையின் மேற்புறணியில் இருப்பவை ஏறத்தாழ 1,600 கோடிதான். மூளை எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில் 6,900 கோடி!

இத்தனை நியூரான்கள் எதற்கு? சிறுமூளையின் உள்ளமைப்பில் பதில் இருக்கிறது. 1837-இல் செக் விஞ்ஞானி புர்கின்யே விவரித்த பெரிய செல்கள்தான் அதன் மையம். ஒவ்வொன்றும் பனையோலை விசிறி போல ஒரே தளத்தில் கிளை பரப்பி நிற்கிறது. அந்தக் கிளைகளின் ஊடாக, எண்ணிக்கையில் மிகுந்த குட்டி நியூரான்களின் மெல்லிய இழைகள் குறுக்கே ஓடுகின்றன. ஒரு புர்கின்யே செல்லுக்கு இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் கிடைக்கின்றன. உடல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பெருமூளை என்ன உத்தரவு போட்டது என்பதையெல்லாம் இவை கொண்டுவருகின்றன. இது தவிர, மூளைத்தண்டிலிருந்து ஒரே ஒரு இழை அந்தச் செல்லின் மேல் கொடியாகச் சுற்றி ஏறுகிறது. அசைவு பிசகும்போது அது ஓங்கி ஒரு சமிக்ஞை கொடுக்கிறது. அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த இணைப்புகளின் வலிமை மாறுகிறது, அடுத்த முறை அசைவு சற்றுத் திருந்துகிறது. டேவிட் மார் 1969-இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-இலும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று கோட்பாடாக எழுதினார்கள். பிசகுச் சமிக்ஞையோடு சேர்ந்து இயங்கும் இணைப்புகள் வலுவிழப்பதை 1982-இல் ஜப்பானின் மசாவோ இடோ குழு சோதனையில் காட்டியது. முழு விளக்கம் இதோடு முடியவில்லை என்றாலும், பிழையிலிருந்து கற்கும் உறுப்பு ஒன்றின் வயரிங்கையே கண்ணால் பார்க்க முடிகிறதே, மூளை அறிவியலில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரியாது.

இந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்ட வீரர்களிடம் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் விரிவாகப் பார்த்தார். கை செயலிழக்கவில்லை, ஆனால் எடுக்கப்போன பொருளைத் தாண்டிப் போனது. இலக்கை நெருங்க நெருங்க நடுங்கியது. வலது சிறுமூளை பாதிக்கப்பட்ட ஒருவர், இடது கை தன்பாட்டில் வேலை செய்கிறது, வலது கையின் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அவரிடம் சொன்னார். பெருமூளை உடலின் எதிர்ப்பக்கத்தை ஆள்கிறது, சிறுமூளையோ தன் பக்கத்தையே ஆள்கிறது என்பதும் இதில் தெரிகிறது. மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடுங்கள் என்று மருத்துவர் இன்றும் சொல்வது இந்தப் பிசகைப் பிடிக்கத்தான்.

சிறுமூளையே இல்லாமல் பிறந்த சீனப் பெண் ஒருவரைப் பற்றி 2014-இல் மருத்துவ இதழில் வெளியானது. ஏழு வயதில்தான் அவருக்கு நடை வந்தது, பேச்சு சற்றுக் குழறியது. ஆனாலும் வளர்ந்து, மணமாகி, குழந்தையும் பெற்றார். பிறப்பிலிருந்தே இல்லாததை மூளையின் மற்ற பகுதிகள் ஓரளவு ஈடுகட்டுகின்றன.

திடீரென்று பறிபோனால் அந்த அவகாசம் கிடையாது. பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும் என்றே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் இரண்டும் இல்லாமல் போகலாம். திடீர்த் தலைசுற்றல், வாந்தி, பிடிமானமில்லாமல் நிற்க முடியாத தள்ளாட்டம், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்குழறல் எனத்தான் அது வரும். பித்தம், பிரஷர் என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். முதல் சில மணி நேரத்தில் சிடி ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். சிறுமூளை இருக்கும் பின்மண்டை அறை மிகவும் குறுகலானது. அடைப்பு பெரிதாக இருந்தால் அடுத்த சில நாட்களில் சிறுமூளை வீங்கி, முன்னால் இருக்கும் மூளைத்தண்டை நசுக்கும். மூச்சை நடத்தும் இடம் அதுதான். நேரத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குப் பின்மண்டை எலும்பைத் திறந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் பலர் பயிற்சிக்குப் பிறகு தாங்களாகவே நடக்கிறார்கள்.