பிறபொருளெதிரி: சொந்த விந்து எப்படிப் ‘பிற’ ஆகிறது?

“டீச்சர், அன்டிபொடி என்பதில் வருகிற பொடி உடம்புதானே? இவருடைய உடம்பே பிள்ளைக்கு எதிரியா?”

கேட்டவள் ஹட்டனில் என்னிடம் உயிரியல் படித்தவள். திருமணமாகி நான்கு ஆண்டுகள். கணவனின் பரிசோதனை அறிக்கையை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். மடிப்புகளில் எழுத்து தேய்ந்துவிட்டது. ‘அன்டிஸ்பேர்ம் அன்டிபொடி’ என்ற ஆங்கில வரியின் கீழே பேனாக் கோடு. அதை யாரும் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை. அவள் குடியிருக்கும் தோட்ட லயத்திலோ அவளுக்கு ‘மலடி’ என்று பெயர் வைத்தாகிவிட்டது.

முதலில் ‘அன்டிபொடி’ என்ற சொல்லைப் பார்ப்போம். 1891இல் மருத்துவ ஆய்வாளர் பவுல் ஏர்லிக் ஜெர்மன் மொழியில் ‘அன்டிகோர்ப்பர்’ என்று எழுதினார். ‘கோர்ப்பர்’ என்றால் உடல்தான். ஆனால் அங்கே அது ஒரு பொருளைக் குறித்தது: வெளியிலிருந்து வரும் கிருமி போன்றவற்றை எதிர்க்க உடலே உருவாக்கும் பொருள். ஆங்கிலம் அதையே ‘பொடி’ ஆக்கிக்கொண்டது. ஆகவே ‘எதிர் உடல்’ என்று பெயர்ப்பது பிழை. தமிழ்நாட்டில் ‘எதிர்ப்பொருள்’ என்கிறார்கள்; நம் இலங்கைப் பாடநூல்களில் ‘பிறபொருளெதிரி’. நீளமான சொல்தான், ஆனாலும் நான் இதன் பக்கமே நிற்பேன். சொல்ல வேண்டியதில் பாதி அந்தப் ‘பிற’ என்பதற்குள் இருக்கிறது. நிர்ப்பீடனத்தின், அதாவது உடலின் நோயெதிர்ப்புக் காவலின் (பீடை அண்டாத நிலை என்பதே அச்சொல்லின் பொருள்) முதல் வேலை, தன்னுடையது எது, பிற எது என்று பிரித்தறிவது.

அந்தப் பாடத்தை உடல் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்னும் சிறு வயதிலும் கற்றுவிடுகிறது. விந்து உருவாவதோ பருவமடைந்த பிறகு. பிந்தி வந்த இந்தக் கலங்களை உடலின் காவல் கண்டுகொள்ளாதபடி, விந்து உருவாகும் விதைக்குள் (விந்தகத்துக்குள்) சேர்டோலி எனப்படும் கலங்கள் நெருக்கமாக இணைந்து ஒரு தடுப்பாக நிற்கின்றன. அடிபட்டாலோ, விதை முறுக்கிக்கொண்டாலோ, தொற்று வந்தாலோ, கருத்தடைக்காக விந்துக்குழாயை வெட்டினாலோ, விந்து குருதியின் காவலுக்கு முன் வந்துவிடலாம். அப்போது சொந்த விந்தே பிறபொருளாகிறது. ஆணுக்கு இப்படியும் நேரும் என்பது 1954இல்தான் தெளிவானது. சில பெண்களின் உடலிலும் இந்த எதிரி உருவாவதுண்டு. அங்கே விந்து உண்மையிலேயே பிறபொருள்.

இந்த எதிரிக்கு இரண்டு கைகள். ஒவ்வொன்றும் ஒரு விந்தைப் பிடித்தால், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் மூன்று கால் ஓட்டம் ஓடும் பிள்ளைகளைப் போல இரண்டும் தடுமாறும். பல சேர்ந்தால் ஒட்டித் திரளும். கருப்பைக் கழுத்தின் சீதத்துக்குள் சிக்கி, முன்னேறாமல் நின்ற இடத்திலேயே துடிக்கும். தலையில் ஒட்டினால் கதை வேறு: முட்டையின் உறையைப் பற்றுவதும் துளைப்பதும் தடைப்பட்டு, கருக்கட்டல் நடக்காமல் போகலாம். எத்தனை விந்துகளில், எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதே கணக்கு. அசையும் விந்துகளில் 50 வீதத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பொருட்படுத்த வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். குறைந்த அளவில் இதை வைத்துக்கொண்டே தந்தையானவர்கள் பலர். இயல்பாகக் கரு தங்காவிட்டால், ஒரே ஒரு விந்தை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை 1992 முதல் இருக்கிறது. செலவு அதிகம், நகரத்துக்கு அலையவும் வேண்டும். ஆனால் வழி உண்டு.

இனித் தமிழ்ப் பெயர். ‘விந்தெதிரி’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் கருத்தடைக்குப் பூசும் விந்துக்கொல்லி மருந்தோ என்று மயங்க வைக்கும். ‘விந்துப் பிறபொருளெதிரி’ என்றால் விந்தே அதைச் சுரக்கிறது என்றும் படிக்கலாம். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு ‘விந்துக்கு எதிரான பிறபொருளெதிரி’ என்பதே சரி என்பேன்.

அறிக்கையின் பின்புறத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். “இது இருந்தாலும் பிள்ளை பிறக்கலாம் என்பதையும் எழுதுங்கள் டீச்சர். பெரிய எழுத்தில். மாமிக்குக் கண் மங்கல்” என்றாள்.