"கருங்கல்தானே அண்ணே, என்ன ஆகும்?"

போன வாரமும் ஒரு தம்பி. சுரங்கத்தில் பாறையை வெடித்து முடித்த முகப்பில், இன்னும் போல்ட் (பாறையைப் பிடித்து நிறுத்தத் துளையில் இறக்கும் கம்பி) அடிக்காத கூரைக்குக் கீழே நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். கத்தி வெளியே வரவழைத்தேன். "கருங்கல்தானே அண்ணே, என்ன ஆகும்?" என்று சிரிக்கிறார். இந்த மாதத்தில் இது மூன்றாவது "கருங்கல்தானே".

நசுக்கப் பார்த்தால் கருங்கல் கெட்டிதான். இழுத்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஊரில் கல் உடைக்கிறவர்களைக் கேளுங்கள். வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றித் தட்டுவார்கள். பாறாங்கல் இரண்டாகப் பிளக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழி வரிசையை இன்றும் பார்க்கலாம். ஆப்பு கல்லை நசுக்குவதில்லை, விரிக்கிறது.

"நூறு மீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் 2.7 மெகாபாஸ்கல் (அழுத்த அளவு)தானே, நல்ல கருங்கல் 100க்கு மேல் தாங்குமே" என்று படித்தவர்களே வாதாடுகிறார்கள். குடைந்த இடத்தைச் சுற்றி அது இரண்டு மூன்று மடங்கு ஆனாலும் கல் நசுங்காதுதான். நசுங்கும் என்று யார் சொன்னது? இங்கே தலையில் விழுவது, பல கோடி ஆண்டுகளாக உள்ளேயே இருக்கும் விரிசல்களுக்கு நடுவே சிக்கிய துண்டு. மூன்று விரிசல் கூடினால் ஆப்பு வடிவத்தில் ஒரு கல்துண்டு. பக்கத்துப் பாறை நெருக்கிப் பிடித்ததால்தான் அது நின்றது. அந்தப் பக்கத்துப் பாறையைத்தான் வெடித்து லாரியில் ஏற்றிவிட்டோமே! ஒரு கன மீட்டர் 2.6 டன். ஹெல்மெட் எதற்கு ஆகும்?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் கடலுக்கடியில் 2014இல் திறந்த எண்ணெய்க் குகைகள் 27 மீட்டர் உயரம், ஒன்பது மாடி வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் அளவு. அந்தக் கூரைக்கும் போல்ட்டும் ஷாட்கிரீட்டும் (பாறைமேல் பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்) தேவைப்பட்டன.

ஆகவே தம்பிகளே, போல்ட் இறங்காத இடத்தில் கால் வைக்காதீர்கள், ஒரு நிமிடம்கூட. தட்டிப் பார்ப்பதானால் பாதுகாத்த கூரைக்கடியில் நின்று நீளக் கடப்பாரையால் தட்டுங்கள்: கணீரென்றால் சரி, பொத்தென்றால் பின்வாங்குங்கள். பொடிக்கல் உதிர்ந்தாலும் அப்படியே. பழைய வெடித்துளையின் மிச்சத்தில் மறுபடி டிரில் வைக்கவே கூடாது. உள்ளே வெடிமருந்து மிஞ்சியிருக்கலாம். சூப்பர்வைசர் ஐயாமார்களே, "லேட் ஆகுது" என்று பையன்களை விரட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சந்தேகமா, கூப்பிடுங்கள். நைட் ஷிப்டானாலும் பரவாயில்லை. பாறையின் விரிசல்களைப் படமாக வரைந்து குறிக்க எப்படியும் நான் வந்தாக வேண்டும்.