மூச்சு முட்டுவது ஜாதி அடையாளம் அல்ல

இந்தக் கோடையில் வெயிலில் சுருண்டு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்த நான்காவது நாய் இது. அக்னி நட்சத்திரம், மத்தியானம் மூன்று மணி, குடியாத்தம் பக்கத்திலிருந்து ஆட்டோவில் ஒரு இங்கிலிஷ் புல்டாக்கைக் கொண்டுவந்தார்கள். 14 மாத ஆண் நாய், 33 கிலோ. நாக்கு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் 107 டிகிரி காட்டியது. குழாய்த் தண்ணீரை ஊற்றி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி, ஆக்ஸிஜன் வைத்து, 103-க்கு இறக்குவதற்குள் எங்களுக்கே மூச்சு வாங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டது. நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது நாயின் சொந்தக்காரர் கேட்டார்:

"சார், ஷோ குவாலிட்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. வாயை மூடினா கீழ்ப்பல்லு ரெண்டு தெரியுது பாருங்க. அது ஃபால்ட்டா?"

ஃபால்ட்தான். வாய் மூடியிருக்கையில் பல் தெரியக் கூடாது என்று, நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் ஸ்டாண்டர்டில், அதாவது இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தில், இருக்கிறது. ஆனால் அதே ஸ்டாண்டர்டில் ஆண் நாய்க்கு 25 கிலோ, பெண்ணுக்கு 23 கிலோ என்றும் இருக்கிறது. மூக்குத் துளை இடுங்கியிருக்கக் கூடாது, மூக்கின் மேல் மடிப்பு தடித்து அழுத்தக் கூடாது, மூச்சுக்குத் திணறும் நாய் சற்றும் விரும்பத்தக்கதல்ல என்றும் இருக்கிறது. மூச்சு, மடிப்பு பற்றிய விதிகளை 2009-ல் இன்னும் கறாராக்கினார்கள். விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் பல், காது, தலையளவு மட்டும்தான் வந்திருந்தது.

எனக்கு ரத்தம் கொதிப்பது ஒரே ஒரு பேச்சுக்குத்தான்: "புல்டாக்னா அப்படித்தான் சார் சத்தம் வரும், குறட்டை விட்டாத்தான் ஒரிஜினல்." இல்லை. தேர்ந்து இனம் சேர்த்தே முகத்தைக் குட்டையாக்கிக்கொண்டே போனோம், உள்ளே இருக்கும் சதை குட்டையாகவில்லை. நீளமான அண்ணச் சதை குறுகிய தொண்டைக்குள் தொங்கி அடிக்கிறது, அதுதான் அந்தச் சத்தம். உங்கள் வீட்டுப் பிள்ளை விழித்திருக்கும்போதே கொர் கொர் என்று மூச்சு விட்டால் குடும்ப அடையாளம் என்றா கொஞ்சுவீர்கள்? நாய்க்கு வியர்வை நம்மைப் போல் கிடையாது, இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். இரைக்கவே வழியில்லாத நாயை வேலூர் வெயிலில் வைத்திருக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்காக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்ட புல்டாக்குகள் மயக்கம் தெளிந்த பிறகும் குழாயை மறுக்காமல் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். மற்ற நாய்கள் உடனே கக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக நிம்மதியாக மூச்சு விடுகிறதோ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

வாலும் அப்படித்தான். திருகி உள்ளே புதைந்த வால் அழகு என்று நினைக்கிறார்கள். தாழ்வாகத் தொடங்கி, நேராக வந்து கீழே வளையும் வால்தான் ஸ்டாண்டர்ட் கேட்பது. புதைந்த வாலுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், சீழ் நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. நீலம், மெர்ல் (திட்டுத் திட்டான நிறம்) என்று "அபூர்வ கலர்" குட்டிகளுக்கு இரண்டு மடங்கு விலை வேறு. ஸ்டாண்டர்டில் இடமே இல்லாத நிறத்துக்கு ஷோ குவாலிட்டி விலை!

எருதோடு மல்லுக்கட்ட வளர்த்த நாய் இது. இங்கிலாந்தில் 1835-ல் அந்த விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்த பிறகுதான் நாய்க் கண்காட்சி மேடைக்கு வந்தது. இன்றைய புல்டாக்கை நம் மாடு விடும் திருவிழாத் தெருவில் நிறுத்தினால், மாடு வரும்வரை நிற்கவே அதற்கு மூச்சு போதாது.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சுழி பார்ப்பார்கள், ஆமாம். அதோடு பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியை அமுக்குவார்கள், பத்தடி நடக்கவிடாமல் யாரும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேச மாட்டார்கள். அந்த விவரம் தெரிந்த மனிதர்தான் நாயை மட்டும் போட்டோ பார்த்து வாங்குகிறார். குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் துள்ளுநடையில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அதன் பிறகு மூச்சில் சத்தம் கூடினால், நாக்கு நிறம் மாறினால், எழுந்து வந்துவிடுங்கள். தாய்க்கு எத்தனை சிசேரியன் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் எடுத்த கணக்கில் இந்த இனத்தின் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கு மேல் வயிற்றைக் கிழித்துத்தான் நடந்திருக்கின்றன.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: நடை என்றால் விடியலில், அல்லது தார் ரோடு ஆறிய பிறகு. கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். மடிப்புகளைத் தினமும் துடையுங்கள், ஈரம் தங்கக் கூடாது. பிரியாணி கொடுக்காதீர்கள், ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்கவும். மயங்கினால் முதலில் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசுங்கள், பிறகு வண்டி ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். தயவுசெய்து.

குடியாத்தத்துக்காரரிடம் மூக்குத் துளையை விரிவாக்கி, அண்ணச் சதையைக் குறைக்கலாம் என்றேன். யோசித்தார். "ஆபரேஷன் பண்ணா ஷோல பாயின்ட் போயிடுமா சார்?"

"இதுவரைக்கும் எத்தனை ஷோவுக்குப் போயிருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் மகள் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, பண்ணிடலாம்பா" என்றாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.