ட்ரோபோனின் நெகட்டிவ் வந்தால் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க சார்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இப்போது சொன்னவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மனைவி. கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லைக் குவித்துவிட்டுக் காவல் இருந்தவருக்கு விடியற்காலையில் நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் வியர்வை. வலி தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் ஏதோ ஒரு லேபில் ட்ரோபோனின் கார்டு, அதாவது மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை அட்டை, போட்டிருக்கிறார்கள். ஒற்றைக் கோடு, அதாவது நெகட்டிவ். வாயுதான் என்று சோடா குடித்துவிட்டு நெல்லுக்கே திரும்பிவிட்டார். எங்கள் மருத்துவமனைக்கு வந்தது மாலையில். அதற்குள் இதயத்தசை நிறையவே சேதமாகிவிட்டது.

அந்த லேபின் கார்டில் கோளாறு இல்லை. ட்ரோபோனின் இதயத்தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமான பிறகே ரத்தத்தில் கசியும். அளக்கும் அளவுக்குச் சேரப் பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சாதாரண கார்டில் கோடு விழ இன்னும் தாமதமாகலாம். கார்டில் தெரியும் சிவப்புக் கோடு தங்க நுண்துகள்களின் நிறம். சில கருவிகள் ஒளிரும் சாயத்தை அளக்கின்றன. சாயமே இல்லாமல், தங்கப் படலத்தில் புரதம் ஒட்டும்போது ஒளி மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார்களும் ஆய்வில் இருக்கின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் எவ்வளவு கூர்மையான சென்சாரும் ரத்தத்தில் இன்னும் வந்து சேராததைக் காட்டாது. அதனால்தான் சில மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்கிறோம். முதல் நெகட்டிவ் பாதி பதில்தான்.

இன்னொன்று: ஈசிஜியிலேயே மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் ட்ரோபோனினுக்காக நாங்கள் காத்திருப்பதில்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும்.

நெஞ்சு அழுத்தம் கால் மணி நேரம் நீடித்தால், தாடைக்கோ கைக்கோ பரவினால், 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கை எடுக்காதீர்கள். லேபுக்குப் போகாதீர்கள், ஈசிஜி உள்ள இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறதா? 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அங்கே முதல்கட்ட மாத்திரைகள் தருகிறார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டு, அங்கேயே நிற்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்கல் மட்டும் இருக்கலாம். அம்மாக்களே, 'களைப்புதான்' என்று நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள்.

லேப் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் வலி தொடங்கிய நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். 'நெகட்டிவ்' என்று மட்டும் எழுதி ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.