டிகான்ட்: இறுத்தல்

அடியில் தங்கிய வண்டல் கலங்காமல், மேலே நிற்கும் தெளிவை மட்டும் சாய்த்து வேறு கலத்தில் ஊற்றுவதுதான் ஆங்கிலத்தில் டிகான்ட். இடைக்கால லத்தீனில் ரசவாதிகள் வழங்கிய ‘டெகாந்தாரே’ என்பதிலிருந்து வந்தது. அதிலுள்ள ‘காந்துஸ்’ பாத்திரத்தின் ஊற்றுமூக்கு. அதற்கும் மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கண்ணின் கடைக்கோடி என்று பொருள்.

தமிழில் ‘இறுத்தல்’. பள்ளி அறிவியல் நூல்களில் ‘தெளிய வைத்து இறுத்தல்’. சித்த மருந்து செய்முறையில் ‘தெளிவை இறுத்து’. சிலர் எழுதும் ‘வடிகட்டல்’ பொருந்தாது. அதற்குத் துணியோ சல்லடையோ வேண்டும். ‘காற்றாட விடுதல்’ என்பதும் வேறு வேலை. இறுத்து ஊற்றி வைக்கும் கலமான டிகான்டருக்கு ‘இறுகலம்’ என்று புதிதாகப் படைத்தால் ‘இறுகு’ என்றல்லவா காதில் விழும்? டிகான்டர் என்றே இருக்கட்டும்.

போர்த்துகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் வின்டேஜ் போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்கு இது கட்டாயம். ஒரே ஆண்டின் திராட்சையில் செய்து, மரப்பீப்பாயில் ஏறத்தாழ 2 ஆண்டு வைத்து, வடிகட்டாமலே புட்டியில் அடைக்கிறார்கள். 20, 30 ஆண்டுகளில் துவர்ப்புப் பொருளான டானினும் நிறமியும் திரண்டு அடியில் படியும். போர்ட்டின் இன்னொரு வகையான டானிக்கு அந்த முதிர்ச்சி பீப்பாயிலேயே முடிந்துவிடுவதால் இறுக்கத் தேவையில்லை.

படுக்க வைத்திருந்த புட்டியை ஒரு நாளாவது நிமிர்த்தி வையுங்கள். பழைய புட்டிகளில் வெள்ளைச் சாயக்கோடு இருந்தால் அது மேல்பக்கம்; வண்டல் அதற்கு எதிரே படிந்திருக்கும். பழைய தக்கை பொடியும், ஆகவே தக்கைத் திருகியை மெல்ல இறக்குங்கள். கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்து, ஒரே சாய்வில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் அலை திரும்பி வண்டலைக் கிளப்பிவிடும். பிறகு ஊற்றுவதெல்லாம் கலங்கலும் கசப்பும்தான். புட்டியின் தோளில் கருந்துகள் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் தங்கும் இரண்டு விரல்கடை போனால் போகட்டும். தக்கைத் துணுக்கு விழுந்திருந்தால் மட்டும் மெல்லிய மஸ்லின் துணி வையுங்கள்.

மதிப்பிடுவது இதன் பின்னரே. கலங்கலில் நிறம் பார்ப்பது வீண். இளம் போர்ட் மையூதாவாக ஒளிபுகாமல் நிற்கும். முதிர்ந்தது விளிம்பில் செங்கல் நிறத்துக்கு மாறும். ஈர அட்டை வாடை அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. வாயில் இனிப்பு, டானின், சாராயச் சூடு மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஆல்ககால் சுமார் 20 விழுக்காடு இருந்தும் தொண்டை எரியக் கூடாது. 1963 போன்ற பழைய ஆண்டின் போர்ட்டை இறுத்த அன்றே குடித்துவிடுங்கள். 2011 போன்ற இளையது மறுநாளும் தாங்கும்.